தூணுக்கு ஒரு சட்டை

வீட்டில் உள்ள வஸ்துக்களுக்குள் மிகவும் பொறுமைசாலி எது என்று யாராவது நம்மைக் கேட்டால், சிறிதும் தயங்காமல் ‘தூண்’ என்றே பதில் சொல்லுவோம். கதவு முனகுகிறது, நாற்காலி கிறீச்சிடுகிறது, ஊஞ்சலோ ஊரையே கூப்பிடுகிறது. தூண் மட்டும் வாய் திறப்பதில்லை. தலையிலே கூரையைச் சுமந்துகொண்டு, முதுகிலே தாத்தாவைச் சாய்த்துக்கொண்டு, இடுப்பிலே துணி உலர்த்தும் கொடிக்கயிற்றைக் கட்டிக்கொண்டு, காலடியில் குழந்தைகள் சுற்றிச் சுற்றி ஓடும் ஆரவாரத்தையும் சகித்துக்கொண்டு, அது பாட்டுக்கு நிற்கிறது. அறுபது வருஷம் நின்றாலும் அதற்கு ஒரு நன்றி சொன்னவர் கிடையாது. வீட்டில் கல்யாணம் வரும்போதுதான், “அடடா, இந்தத் தூண் பார்க்க நன்றாயில்லையே!” என்று எல்லாருக்கும் ஏககாலத்தில் ஞானோதயம் உண்டாகிறது.

அப்படிப்பட்ட தூணுக்கு நாலு பக்கமும் பலகை போர்த்தி அலங்காரம் செய்யும் காரியத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேச உத்தேசித்திருக்கிறோம். “இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? நாலு பலகை, நாற்பது ஆணி!” என்று நினைக்கும் நேயர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

*

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. பெயரைச் சொல்லும்போதே வாசனை வருகிற ஊர் அது. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிகிற இடத்தில் காடு ஆரம்பமாகிறது. காட்டழகர் கோயிலுக்குப் போகிறவர்களும், மீன்வெட்டிப்பாறை அருவிக்குப் போகிறவர்களும் அந்த வழியாகத்தான் மலையேறுகிறார்கள். பளியர் குடும்பங்கள் அங்கே வசிக்கின்றன. சாம்பல் நிறமுள்ள பெரிய மலை அணிலுக்காக 1988-ம் வருஷத்தில் அந்தக் காடு சரணாலயமாக்கப்பட்டது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. ஆகையால், பக்கத்தில் காடு இருக்கிறதே, தூணுக்கு வேண்டிய பலகையை அங்கேயே வெட்டிக்கொள்ளலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். அந்த மரங்கள் அணிலுக்கும் புலிக்கும் உரியவை. மனிதன் மரவாடியில் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

மரவேலைக்கு இந்தப் பக்கம் புதிது அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலுக்குப் போகிறவர்கள் மண்டபத்தில் நின்று ஒரு நிமிஷம் தலை நிமிர்ந்து பார்த்தால், மேற்கூரையில் தேக்கு மரத்திலே புராணக் கதைகளைச் செதுக்கியிருக்கும் அழகைக் காணலாம். அந்தக் கைகளின் வம்சத்தார் இன்றும் அக்கம்பக்கத்தில் உளியும் இழைப்புளியுமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பவர்கள்தான் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

அடிவாரத்தில் நமது நண்பர் ஒருவருக்கு ஒரு தோப்பு வீடு இருக்கிறது. முன்புறத் தாழ்வாரத்தை நாலு மரத்தூண்கள் தாங்குகின்றன. தை மாதத்தில் பெண்ணுக்குக் கல்யாணம். வருஷத்துக்கு ஒரு வர்ணமாகப் பூசிப் பூசி, தூண்களின் மேனி படை பிடித்ததுபோல் ஆகியிருந்தது. வர்ணத்தைச் சுரண்டுவதைவிடத் தேக்குப் பலகையைச் சுற்றி அடித்துவிட்டால் செட்டிநாட்டு வீட்டைப்போல் பளபளவென்று இருக்கும் என்று நண்பர் தீர்மானித்தார். செட்டிநாட்டு முற்றத்தில் நிற்பவை பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த முழுத் தேக்குத் தூண்கள். அவற்றின் சாயலை முக்கால் அங்குலப் பலகையில் வரவழைப்பது என்பது ஒரு யுக்திதான். அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

வயது முதிர்ந்த ஆசாரி ஒருவர் வந்தார். அவர் அளவுகோலை எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு மெல்லிய உளியை எடுத்து, முதல் தூணின் அடியில், தரையை ஒட்டினாற்போல், மெதுவாகக் குத்தினார். உளி நிற்கவில்லை, வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று.

“அண்ணாச்சி, சட்டை தைக்கிறது பெரிய காரியமில்லை. உள்ளே இருக்கிற உடம்புக்குச் சீக்கு இருக்கே!” என்றார் ஆசாரி.

“மேலே பலகை வந்துவிட்டால் தெரியாதே, ஆசாரி. கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார் நண்பர்.

“தெரியாதுங்கிறதுதான் அண்ணாச்சி பயம். கண்ணுக்குத் தெரியாம மூடிட்டா, கூரைக்கும் தெரியாமப் போயிருமா? கல்யாணத்தன்னைக்கு இந்தத் தாழ்வாரத்திலே எத்தனை பேர் நிப்பாங்க? வாத்தியார் ஐயாவே சொல்லட்டும்” என்று நம்மைப் பார்த்தார்.

நாம் என்ன சொல்ல முடியும்? ஆசாரி சொன்னதில் ஓர் எழுத்துக்கூடக் குறைக்க முடியாதென்று சொன்னோம். நண்பர் வெகு நேரம் மௌனமாயிருந்தார். பந்தல்காரருக்கு என்று எடுத்து வைத்திருந்த தொகையில் பாதி தூணுக்குப் போய்விடும் என்று அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டதை அவர் முகமே சொல்லிற்று. கடைசியில், “சரி, முதலில் உடம்பைப் பாரும்” என்றார்.

இங்கேதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி இருக்கிறது. போர்த்தும் பலகை எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை. பாரம் முழுவதும் உள்ளே இருக்கும் தூணுக்கே. தவிரவும், பலகைக்குள் காற்று புகாவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். ஈரம் தங்கினால் மரம் உளுக்கும். இருட்டும் ஈரமும் சேர்ந்தால் கறையானுக்கு அரண்மனை கட்டிக் கொடுத்ததுபோல் ஆகும். வெளியே இருந்தால் அது மண்கோடு போட்டுக்கொண்டு ஏறுவதைக் கண்டு துடைத்துவிடலாம். சட்டைக்குள் ஏறினால் யார் காண்பது?

ஆகவே உத்திரத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து, பாரத்தை அவற்றின்மேல் வாங்கிக்கொண்டு, தூணின் அழுகின அடியை ஒரு முழம் அறுத்து நீக்கினார்கள். அந்த இடத்தில் கருங்கல் பாதம் ஒன்றை வைத்து, கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே இரும்பு முளை ஒன்றைச் செருகி நிறுத்தினார்கள். மற்ற மூன்று தூண்களிலும் உளி இறங்கவில்லை. இந்த வைத்தியத்தை நேயர்கள் தாங்களாகவே செய்துபார்க்கக் கூடாது. முட்டு சரியாக நிற்காவிட்டால் கூரை நம் தலைமேல் இறங்கும். தெரிந்தவர்களைக் கொண்டே செய்ய வேண்டும்.

*

இனிச் சட்டை. நாலு பலகைகளை ஒரு தூணைச் சுற்றி இணைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரு பலகையின் முகத்தின்மேல் இன்னொன்றின் விளிம்பை நேராக முட்டவைத்து ஆணி அடிப்பது சுலபமான வழி. சாமான் பெட்டி அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தூணின் பக்கத்தில் முக்கால் அங்குல விளிம்பு ஒரு நெடுங்கோடாகத் தெரியும். இது பலகைதான், தூண் அல்ல என்று அந்தக் கோடே எல்லாரிடமும் கோள் சொல்லிவிடும். மற்றொரு வழி, ஒவ்வொரு பலகையின் இரண்டு நெடு விளிம்புகளையும் 45 டிகிரி சாய்வாகச் சீவி, சாய்வோடு சாய்வைப் பொருத்துவது. இரண்டு நாற்பத்தைந்தும் சேர்ந்தால் தொண்ணூறு. மூலையில் ஒரு மயிரிழைக் கோட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஒரே பலகையிலிருந்து வரிசையாக அறுத்த துண்டுகளை அந்த வரிசையிலேயே பொருத்தினால், மரத்தின் ரேகை ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குத் திரும்பிப் போவதுபோலத் தோன்றும். முழு மரமென்றே கண் நம்பிவிடும்.

அழகு அதிகமானால் கஷ்டமும் அதிகம் அல்லவா? நாலு பலகைக்கு எட்டு விளிம்பு. ஒவ்வொரு விளிம்பிலும் அரை டிகிரி தவறினால் எட்டும் சேர்ந்து நாலு டிகிரி ஆகிறது. மூன்று மூலைகள் சமர்த்தாக மூடிக்கொள்ளும். நாலாவது மூலை வாயைத் திறந்துகொண்டு நிற்கும். சிறு பிழைகள் தனித்தனியே சாதுவாகத் தோன்றினாலும் கூடி வரும்போது என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நமது கணக்குப் புஸ்தகத்தில் இல்லை.

இதற்கு ஆசாரி கையாண்ட உபாயம் நமக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு துண்டுக் கட்டைகளை முதலில் சாய்வாக அறுத்தார், அவற்றைச் சேர்த்து மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார், மின்சார வாளின் சாய்வைத் திருத்தினார், மறுபடியும் அறுத்தார். மூன்றாவது தடவைக்குப் பிறகே நல்ல பலகையைத் தொட்டார். அப்போதும் வாளை நாற்பத்தைந்துக்கு ஒரு மயிரிழை கூடுதலாகவே சாய்த்து வைத்தார். காரணம் கேட்டதற்கு, “தப்பு வர்றதா இருந்தா உள்பக்கமா வரட்டும், வெளிமுனை ரெண்டும் முத்தமிடணும்” என்றார். வெளிமுனைகள் இறுக்கமாகச் சேர்ந்து, உட்பக்கத்தில் இம்மி இடைவெளி இருந்தால் அதைப் பசை நிரப்பிக்கொள்ளும்.

அளவு எடுப்பதும் அப்படித்தான். பழைய தூண் ஒரே கனமாக இராது. அடியில் ஆறு அங்குலம் இருந்தால் நடுவில் ஒரு நூல் கூடும். தலையில் ஒரு நூல் குறையும். மூன்று இடத்திலும் இரண்டு திசையிலும் அளந்து, எது பெரிதோ அதையே கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க வேண்டும். தூண் சற்றுச் சாய்ந்திருந்தாலும் சட்டை நேராகவே நிற்க வேண்டும். பெரிய அளவு ஆறு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இடைவெளி விட்டால் உள்ளளவு ஆறரை அங்குலம். பலகையின் கனம் இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் சேர்ந்தால் வெளியளவு எட்டு அங்குலம்.

“ஏன் இடைவெளி? இறுக்கமாக இருந்தால்தானே நல்லது?” என்று கேட்கலாம். மரம் வெட்டுண்ட பிறகும் மூச்சு விடுகிற வஸ்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தைக் குடித்து அகலத்தில் பருக்கும். சித்திரை வெயிலில் சுருங்கும். நெடுக்கில் இந்த மாறுதல் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அகலத்தில்தான் விளையாட்டெல்லாம். தேக்கு மரம் மற்ற மரங்களைவிட அடக்கமானதுதான். இருந்தாலும் எட்டங்குலப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் நடுவே அரை நூலுக்குக் குறையாமல் அசையும். இறுகப் போர்த்தின சட்டை சித்திரையில் சுருங்கும்போது, உள்ளே இருக்கும் தூண் வழிவிடாது. அப்போது மூட்டு பிளக்கும். வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கும் தாயார் கொஞ்சம் தளர்த்தித் தைப்பது எதற்காகவோ, அதற்காகவே இந்த இரண்டு நூலும்.

சீவின பலகைகளின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்தைப் போலவே ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். ஒரு முகம் மட்டும் பூச்சு பெற்றால் ஈரம் மற்றொரு முகத்தில் ஏறி, பலகை ஓடு போல வளையும். பிறகு மூன்று பலகைகளை வெளிமுகம் மேலாக, விளிம்போடு விளிம்பு தொடும்படி தரையில் பரப்பி, சந்துகளின்மேல் நெடுக ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டுக் கவனமாகப் புரட்டிப் போடுகிறார்கள். இப்போது ஒவ்வொரு சந்தும் ஒரு பள்ளமாகத் தெரியும். அதில் நீருக்குக் கரையாத பசையைத் தடவி மடித்தால், மூன்று பக்கமும் எழுந்து ஒரு தொட்டி ஆகிறது. மூலைமட்டம் வைத்துப் பார்த்து, கயிற்றைச் சுற்றி, குச்சியைச் செருகி முறுக்கி இறுக்கினால் போதும். விலை உயர்ந்த இறுக்கிகள் இல்லையே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

பசை காய்ந்ததும் தொட்டியைத் தூணுக்கு அணிவித்து, இடைவெளியில் இரண்டு நூல் கனக் கட்டைகளை அடியிலும் நடுவிலும் தலையிலும் வைத்து நேராக்கி, நாலாவது பலகையை மூடிபோல் வைத்தார்கள். அதற்கு மட்டும் ஆசாரி பசை தடவவில்லை. பலகையின் நடுக்கோட்டில் பித்தளைத் திருகாணிகளை முடுக்கி, தலைகளைச் சிறு மரக்குமிழ்களால் மூடினார். நடுவில் மட்டும் பிடித்தால் பலகை இரு பக்கமும் தாராளமாக அசையலாம். மேலும் வருஷத்துக்கு ஒரு தரம் கழற்றி உள்ளே பார்க்கலாம். குமிழ்கள் கண்ணை உறுத்துகின்றனவே என்று நண்பர் முகம் சுளித்தார். “வைத்தியர் வந்தா சட்டையைக் கழட்டத்தானே அண்ணாச்சி வேணும்? பொத்தான் இல்லாத சட்டை எதுக்கு ஆகும்?” என்று ஆசாரி கேட்டார். நண்பரால் பதில் சொல்ல முடியவில்லை.

கீழே பாதப்பட்டையும் மேலே தலைப்பட்டையும் நாலு மூலையிலும் அதே 45 டிகிரியில் சேர்ந்தன. பலகை தரையைத் தொடாமல் இரண்டு நூல் உயரத்தில் நிற்க வேண்டும். தாழ்வாரத்தைக் கழுவும் தண்ணீரைப் பலகையின் அடிமுனை விளக்குத் திரிபோல் உறிஞ்சிவிடும் அல்லவா? தலைப்பட்டைக்குப் பின்னாலும் காற்றுப் போக ஒரு சந்து விட்டார்கள். கடைசியில், எங்கேயாவது மூலை மயிரிழை விலகியிருந்தால், திருப்புளியின் உருண்டைத் தண்டினால் இரண்டு முனைகளையும் மெல்ல அழுத்தித் தேய்த்தார்கள். மரநார்கள் சாய்ந்து கோடு மறைந்தது. இது சிறு விலகலுக்குத்தான். பெரிய விலகலுக்கு மறுபடி அறுப்பதைத் தவிர மருந்து கிடையாது.

*

உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருப்பது தூணுக்கு மட்டும் நேர்ந்த விதி அல்ல. நமது கோயில்களில் கொடிமரத்துக்குச் செப்புத் தகடோ பித்தளைத் தகடோ கவசமாகப் போர்த்துகிறார்கள். மழையும் வெயிலும் மரத்தைத் தின்னாமல் காக்கும் கவசம் அது. கிரீஸ் தேசத்தில் ஒலிம்பியாவில் ஹீரா தேவிக்கு ஒரு பழமையான ஆலயம் உண்டு. அதில் முதலில் மரத்தூண்களே இருந்தனவென்றும், பிற்காலத்தில் ஒவ்வொன்றாகக் கல்தூண்களாக மாற்றப்பட்டன என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். சுமார் 1,850 வருஷங்களுக்கு முன் அங்கே போன பாஸேனியஸ் என்ற யாத்திரிகர், ஒரு தூண் மட்டும் இன்னும் கருவாலி மரத்தாலேயே இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். கெட்டுப்போன தூணை அவர்கள் மூடி மறைக்கவில்லை, மாற்றினார்கள். ஆகையால்தான் கோயில் வெகுகாலம் நின்றது.

1937-ல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில், கைத்தொழிலை நடுவில் வைத்தே குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று மகாத்மா காந்தி வற்புறுத்தினார். அதை அன்று நகைத்தவர்களும் உண்டு. வகுப்பில் நாம் 45 டிகிரியைக் கரும்பலகையில் கோடாகப் போட்டுக் காட்டுகிறோம். பிள்ளைகள் அதைப் பரீட்சை வரைக்கும் சுமந்துவிட்டு இறக்கி வைத்துவிடுகிறார்கள். செண்பகத்தோப்பில் அந்தக் கல்யாணப் பெண்ணின் தம்பி, ஏழாம் வகுப்புப் படிக்கிறவன், மூலைமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆசாரியின் பின்னாலேயே இரண்டு நாள் சுற்றினான். அரை டிகிரி எட்டுத் தடவை சேர்ந்தால் நாலு டிகிரி என்பதை இனி அவன் ஆயுளில் மறக்க மாட்டான்.

இப்போது கடைகளில் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைகள் கிடைக்கின்றன. கறையான் அவற்றை எளிதில் தீண்டாது. தண்ணீரும் அதிகம் ஏறாது. ஆனால் வெயிலில் அவையும் நீளும், சுருங்கும். சட்டை எதனால் ஆனதாயிருந்தாலும், உள்ளே நிற்கும் தூணின் க்ஷேமத்தை விசாரிக்கும் வேலை நம்முடையதுதான். அதைக் கடையில் விற்கமாட்டார்கள்.

ஆதலால், வீட்டில் மரத்தூண் உள்ள நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். புரட்டாசி பிறந்ததும், மழை இறங்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொரு தூணின் அடியையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் சந்தோஷம். பொத்தென்றால், மெல்லிய உளியால் ஒரு குத்து குத்திப் பாருங்கள். உளி இறங்கினால் பலகைக்காரரைத் தேடாதீர்கள். முட்டுக்கொடுக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சட்டை அடுத்த வருஷம் தைத்துக்கொள்ளலாம்.